கட்டப்பாவுக்குச் சம்பளம் என்ன?



2015-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரு கேள்வி பிறந்தது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள்தான் அதற்கு விடை கிடைத்தது. இடையே ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள். அந்த இருபத்தொரு மாதமும் அந்தக் கேள்வியைக் கேட்காத ஊர் இல்லை. கேட்காத உதடு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள், பட்டதாரிகள் கேட்டார்கள். தேநீர்க் கடையிலே கேட்டார்கள், தொடர்வண்டியிலே கேட்டார்கள். இந்தி பேசும் நாட்டிலும் கேட்டார்கள், தெலுங்கு பேசும் நாட்டிலும் கேட்டார்கள், கடல் கடந்த தமிழரும் கேட்டார்கள்.

"பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான்?"

இதுதான் அந்தக் கேள்வி. அரிசி விலை ஏன் ஏறிற்று என்று கேட்க நேரமில்லாதவர்களும் இதைக் கேட்டார்கள். பருத்தி விலை ஏன் விழுந்தது என்று கேட்க நாதியற்றவர்களும் கேட்டார்கள். கேட்டதிலே தவறில்லை. கதை சொல்லத் தெரிந்தவன் முடிச்சுப் போட்டான். கேட்கத் தெரிந்தவர்கள் அவிழ்க்கப் பார்த்தார்கள். நாமும் கொட்டகையிலே அமர்ந்து பார்த்தோம். சிவலிங்கத்தைப் பெயர்த்துத் தோளிலே சுமந்து அருவிக்குப் பிள்ளை நடந்தபோது, அந்தக் காட்சியின் பிரமாண்டத்துக்குக் கைதட்டவும் செய்தோம். பகுத்தறிவாளன் கைதட்டலாமா என்று புருவம் உயர்த்தாதீர்கள்! நல்ல தச்சன் தேர் செய்தால் தச்சனைப் பாராட்டுவதற்கும், தேரில் ஏற்றியதைக் கும்பிடுவதற்கும் வேறுபாடு அறிந்தவர்கள்தாம் நாம்.

ஆனால் தோழர்களே, இன்னொரு கேள்வி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. சென்னையிலே கேட்கவில்லை, ஐதராபாத்திலே கேட்கவில்லை, பம்பாயிலே கேட்கவில்லை. கடம்பூரிலே கேட்டார்கள்.

எந்தக் கடம்பூர்? அரண்மனை இருக்கும் கடம்பூரா? இல்லை. கல்கி 1950-இல் தொடங்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் மாண்டு விழுகிறானே, சம்புவரையர் மாளிகை, அந்தக் கடம்பூர் காட்டுமன்னார்கோயில் பக்கத்தது. அந்தக் கதையும் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாய்த் திரைக்கு வந்துவிட்டது. நாம் சொல்லும் கடம்பூர் கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே, வண்டி நின்றால் போளி வாங்க இறங்குகிறார்களே, அந்தக் கடம்பூர். வானம் பார்த்த பூமி. கம்பும் உளுந்தும் பருத்தியும் மழையை நம்பி விளையும். மழை பொய்த்தால் தீப்பெட்டியை நம்பி அடுப்பெரியும்.

அந்த ஊரிலே தீப்பெட்டி ஆலைத் தோழர்கள் சிலரோடு பேசிக் கொண்டிருந்தோம். பேச்சு படத்தின் பக்கம் திரும்பிற்று. ஒருவர், வயது ஐம்பதுக்கு மேலிருக்கும், அதுவரை வாய் திறவாதிருந்தவர், மெல்லக் கேட்டார்:

"ஏன் அண்ணாச்சி, இந்தக் கட்டப்பாவுக்குச் சம்பளம் உண்டுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இளைஞர் ஒருவர் சொன்னார்: "சம்பளம் எதுக்கு மாமா? அதான் அரமனையில சோறு போடுவாகல்லா!"

பெரியவர் சிரிக்கவில்லை. "சோறு மாட்டுக்குந்தான் போடுதோம்" என்றார்.

ஆகா! எத்தனை பல்கலைக்கழகம் தேடினாலும் இப்படி ஒரு விமரிசகன் கிடைப்பானா? கட்டப்பா ஏன் கொன்றான் என்று நாடு கேட்டது. கட்டப்பா ஏன் அடிமை என்று கேட்க, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஒரு தொழிலாளி தேவைப்பட்டார்!

கதையை ஒருமுறை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மகிழ்மதி என்றொரு நாடு. அந்த அரியணைக்குத் தலைமுறை தலைமுறையாய் அடிமையாய் இருப்போம் என்று கட்டப்பாவின் முன்னோர் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். முப்பாட்டன் கொடுத்த வாக்கு, பேரனின் கழுத்திலே சங்கிலி! வாள் வீச்சில் அவனை வெல்ல ஆளில்லை. அயல்நாட்டிலிருந்து ஆயுதம் விற்க வந்த அஸ்லம்கான் அவன் திறமை கண்டு வியக்கிறான். இவ்வளவு பெரிய வீரன் அடிமையா என்று திகைக்கிறான். விடுதலை வாங்கித் தருகிறேன் என்கிறான். அந்நியனுக்குத் தோன்றியது அரண்மனையில் ஒருவருக்கும் தோன்றவில்லை! கட்டப்பா மறுக்கிறான். முன்னோர் வாக்காம்! கொட்டகை அப்போது விசிலடிக்கிறது. எதற்கு? ஒருவன் தன் விலங்கை முத்தமிட்டதற்கு.

நல்லவனாகிய அமரேந்திர பாகுபலி அவனை "மாமா" என்று அழைக்கிறான். அழைப்பதிலே குறைவில்லை. அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மாமனின் அடிமைச் சாசனத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று மருமகனுக்குத் தோன்றவே இல்லை. நம்மூர்ப் பண்ணைகளில் பழைய நாளிலே நடந்ததும் இதுதானே! பொங்கலுக்கு வேட்டி தருவார்கள், பெயர் சொல்லி அழைக்காமல் முறை சொல்லியும் அழைப்பார்கள். கணக்குப் புத்தகத்தை மட்டும் காட்ட மாட்டார்கள். பிறகு மகன் மகேந்திரன் வருகிறான். அவன் யாரென்று தெரிந்த கணத்தில் கட்டப்பா மண்டியிட்டு, அவன் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக் கொள்கிறான். வெள்ளைத் தாடி, சுருக்கம் விழுந்த முகம், அதற்கு மேலே ஒரு வாலிபனின் கால். அந்தப் படந்தான் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது.

இரண்டாம் பாகம் முடிகிறது. கொடியவன் எரிகிறான், நல்லவன் முடிசூடுகிறான், நாடு ஆரவாரிக்கிறது. அடிமைக்கு விடுதலை தந்ததாக ஓர் அறிவிப்பு உண்டா? தேடிப் பாருங்கள்.

இந்த இடத்திலே ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்தியாவிலே 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கடனுக்காக உழைப்பை அடகு வைப்பதை மட்டும் அது தடுக்கவில்லை. முன்னோரிடமிருந்து வழிவழியாய் வந்த கடமை என்றாலும், வழக்கம் என்றாலும், இன்ன சாதியில் பிறந்ததால் வந்தது என்றாலும், அத்தனையும் செல்லாது என்று அந்தச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் மகிழ்மதிக்கு ஒருநாள் சுற்றுப்பயணம் போனால் போதும், கட்டப்பாவுக்கு அன்றே விடுதலைச் சான்றிதழ். ராஜமாதா சிவகாமி தேவிக்கு நீதிமன்ற அழைப்பாணை! சிரிக்கிறீர்கள். ஆனால் முன்பணம் வாங்கிவிட்டு, அந்தக் கணக்கு தீராமல், அப்பன் வேலை செய்த இடத்திலேயே மகனும் மகளும் வேலைக்கு நின்ற வீடுகள் இந்தக் கரிசல் பூமியிலே உண்டு என்பது உங்களுக்குத் தெரியாதா? அந்த வீட்டுப் பிள்ளை கொட்டகைக்குப் போகிறான். அங்கே, முன்னோர் வாக்குக்காக அடிமையாய் இருப்பதே பெருமை என்று பத்தாள் உயரத்துக்குத் திரையிலே காட்டப்படுகிறது. அவன் எதைக் கற்றுக் கொண்டு வீடு திரும்புவான்?

இன்னொன்றும் உண்டு. கட்டப்பாவாக நடித்தவர் யார்? சத்யராஜ். 2007-ஆம் ஆண்டு வந்த 'பெரியார்' படத்திலே தந்தை பெரியாராக நடித்த அதே சத்யராஜ். மானமும் அறிவும் மனிதனுக்கு அழகு என்று ஊர் ஊராய் முழங்கிய கிழவரின் தாடியை ஒட்டிக் கொண்ட முகத்திலேதான், எட்டாண்டு கழித்து அடிமையின் தாடியும் ஒட்டப்பட்டது. நடிகர் தொழிலைக் குறை கூறவில்லை. எந்த வேடமும் போடுவது அவர் தொழில். அந்த வேடத்தை அவர் போட்டதாலேயே அடிமையின் கண்ணிலே ஒரு சோகம் தெரிந்தது என்றுகூட நாம் சொல்வோம். வேடிக்கை என்னவென்றால், 2017-இல் இரண்டாம் பாகம் கருநாடகத்தில் வெளிவருவதற்கு எதிர்ப்புக் கிளம்பிற்று. ஒன்பது ஆண்டுக்கு முன் காவிரிக்காக அவர் பேசிய பேச்சுதான் காரணம். படத்துக்காகத் தம் சொற்களுக்கு வருத்தம் தெரிவித்தார். தமிழர் உரிமைக்குக் குரல் கொடுப்பதை மட்டும் நிறுத்த மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். திரையிலே பேசாத கட்டப்பா, வெளியிலே பேசினார்!

"கதைதானே! கற்பனைதானே! இதற்கெல்லாமா கணக்குப் பார்ப்பது?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கதைக்குக் கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1943-ஆம் ஆண்டு அண்ணா, சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்திலே ரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்திலே நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும், கம்பராமாயணத்தை முன்வைத்துச் சொற்போர் நடத்தவில்லையா? நாவலர் யார்? இதோ பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்தவர். தமிழ்ப் புலமையில் மலை. எதிரெதிர் மேடை, ஆனால் ஒருவரையொருவர் மதித்த மேடை. காவியம் யார் பக்கம் நின்று பேசுகிறது, யாரை அரக்கன் என்கிறது, ஏன் அப்படி என்கிறது என்பதுதான் அங்கே எழுந்த வினா. புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' தந்தார். 1948-இல் அன்றைய அரசு அதற்குத் தடை போட்டது. 1971-இல்தான் தடை நீங்கிற்று. கதை வெறுங்கதை என்றால் தடை எதற்கு?

இங்கிலாந்து நாட்டுப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே 1964-ஆம் ஆண்டு ரிச்சர்டு ஹோகார்ட் என்பவர் பண்பாட்டு ஆய்வுக்கென்று ஒரு மையம் தொடங்கினார். ஜமைக்காவிலே பிறந்த கறுப்பர் ஸ்டூவர்ட் ஹால் அதை வளர்த்தார். படமும் பாட்டும் பத்திரிகையும் தொழிலாளியின் மனத்திலே என்ன செய்கின்றன, தொழிலாளி அதை அப்படியே விழுங்குகிறானா, எதிர்த்துப் படிக்கிறானா என்று ஆராய்ந்தார்கள். படைத்தவன் ஒரு பொருள் வைத்து அனுப்புவான், பார்ப்பவன் தன் வாழ்வை வைத்து வேறு பொருள் எடுப்பான் என்று 1973-இல் ஹால் எழுதினார். நல்ல ஆராய்ச்சி, தலை வணங்குகிறோம். "சோறு மாட்டுக்குந்தான் போடுதோம்" என்றாரே நம் பெரியவர், அவர் ஹாலின் கட்டுரையைப் படித்தவரல்லர். ஹால் சொன்னதைச் செய்து காட்டியவர்.

ராஜா ராணிக் கதையே கூடாது என்பதல்ல நம் கட்சி. அதையும் சொல்லிவிடுகிறோம். 1950-இல் 'மந்திரி குமாரி' வந்தது; கலைஞரின் வசனம்; அதிலும் மன்னன் உண்டு, அரண்மனை உண்டு. ராஜகுரு என்ற பெயரிலே அதிகாரத்தை ஆட்டிப் படைப்பவன் யார் என்று கொட்டகை புரிந்து கொண்டது. 1958-இல் 'நாடோடி மன்னன்' வந்தது. நாடோடி ஒருவன் அரியணையில் அமர்ந்து ஏழைக்காகச் சட்டம் போட்டான். தரை டிக்கெட்டுக்காரன் அதைத் தன் சட்டமாகவே எடுத்துக் கொண்டான். அதே வாள், அதே கிரீடம், அதே அட்டைக் கோட்டை! அந்தக் கோட்டைக்குள்ளே எந்தக் கேள்வியை நுழைக்கிறாய் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

சரி, பாகுபலி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இதற்கு ஐதராபாத் போக வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து மேற்கே கழுகுமலைக்கு ஒரு பேருந்து ஏறுங்கள். அங்கே மலைப் பாறையிலே எட்டாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. அவற்றிடையே ஒருவர் நிற்கிறார். கால்களிலே கொடி சுற்றியிருக்கிறது. நின்ற நிலை மாறாமல் நிற்கிறார். அவர்தாம் பாகுபலி. கருநாடகத்துச் சிரவணபெளகுளத்திலே ஐம்பத்தேழு அடி உயரத்துக்கு நிற்கிறாரே கோமதீசுவரர், அவரேதான்.

அவர் கதை என்ன? ரிஷபதேவரின் மக்கள் இருவர், பரதனும் பாகுபலியும். நாட்டுக்காக அண்ணன் தம்பி மோதினார்கள். சேனைகள் மடிய வேண்டாம், நாமிருவரே மோதுவோம் என்று முடிவாயிற்று. கண்ணோடு கண் நோக்கும் போர், நீர்ப்போர், மற்போர். மூன்றிலும் தம்பி பாகுபலியே வென்றான். வென்றவன் என்ன செய்தான்? அரியணையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், இதற்காகவா என்று நினைத்தான், நாட்டை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய் நின்றான். நின்றவன் காலிலே கொடி படர்ந்தது.

ஆக, மூலக்கதையின் பாகுபலி அரியணையைத் துறந்தவன். திரைக்கதையின் பாகுபலியோ அரியணைக்காகவே பிறந்தவன், மறுபடியும் பிறந்தவன்! பெயரை எடுத்தார்கள், தோள் வலிமையை எடுத்தார்கள், உடன்பிறந்தார் பகையை எடுத்தார்கள். துறந்ததை மட்டும் கழுகுமலையிலேயே விட்டுவிட்டார்கள். எடுத்தது திருட்டு என்று நாம் சொல்லவில்லை. ஒரு கதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது எது கழிக்கப்படுகிறது என்று பார்த்தால், வாங்கிய கை யாருடையது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, பகைவன் யார்? காலகேயர்கள். இந்தப் பெயரும் பழையதுதான். மகாபாரதத்திலே வரும் அசுரர் கூட்டம். கடலுக்குள்ளே ஒளிந்திருந்த அவர்களைக் காட்டிக் கொடுக்க அகத்தியர் கடலையே குடித்தார் என்று அங்கே கதை. திரையிலே அவர்களுக்கு என்ன அடையாளம் தந்தார்கள்? உடம்பெல்லாம் கரி. அழுக்குச் சடை. பல் தெரியும் வாய். சிவப்பாயிருப்பவன் மன்னன், கறுப்பாயிருப்பவன் காட்டுமிராண்டி! கரிசல் மண்ணிலே பிறந்தவனுக்கு இது சுடாதா? கறுப்பு எங்கள் மண்ணின் நிறம். அந்த மண்ணிலே வெயிலில் நின்றவனின் முதுகின் நிறம். நாம் அணியும் சட்டையின் நிறம். எத்தனை யுகமானாலும் அரக்கனுக்குப் பூச வேறு சாயமே கிடைக்காதா?

அவர்களுக்கென்று ஒரு மொழி தந்ததைப் பாராட்ட வேண்டும். தமிழ் வசனம் எழுதிய மதன் கார்க்கி 'கிளிக்கி' என்று ஒரு மொழியையே உண்டாக்கினார். சுமார் எழுநூற்றைம்பது சொல், நாற்பது இலக்கண விதி. 2020-இல் அதற்கு எழுத்தும் கொடுத்து வெளியிட்டார். அரிய உழைப்பு. நம் ஐயம் ஒன்றுதான்: அந்த மொழியிலே ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுவாளா? காலகேயருக்குப் படை உண்டு, ஊர் இல்லை. ஆண் உண்டு, பெண் இல்லை, பிள்ளை இல்லை. கொல்லப்படுவதற்கென்றே வந்த கூட்டத்துக்கு இலக்கணம் மட்டும் உண்டு. (வாளெடுத்துப் போராட வந்த அவந்திகாவை, அவள் விருப்பம் கேளாமலே அலங்கரித்துப் 'பெண்ணாக்கிய' காட்சியைப் பற்றி 2015-இலேயே பெண்கள் எழுதி வறுத்தெடுத்துவிட்டார்கள். நாம் சேர்க்க ஒன்றுமில்லை.)

இனிச் சொல்ல வருவது நம் வட்டாரத்து நெஞ்சிலே தைத்த முள். அந்தப் படத்தின் தமிழ் வசனத்திலே 'பகடை' என்ற சொல் இழிவுப் பொருளில் வந்தது. பலருக்கு அது தாய ஆட்டத்துக் காய். நெல்லைச் சீமைக்காரனுக்கு? அது அருந்ததிய மக்கள் தங்கள் பெயரோடு தாங்கிய பட்டம். 2015 ஜூலையிலே எதிர்ப்புக் கிளம்பிற்று. மதுரையிலே ஒரு கொட்டகையின்மீது பெட்ரோல் குண்டு வீசும் அளவுக்குப் போயிற்று. குண்டு வீசியதை நாம் ஏற்கவில்லை. கொட்டகைக்குள்ளே இருப்பவனும் உழைப்பாளிதான். மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார். அத்தோடு செய்தித்தாள்கள் அதை மறந்தன.

நாம் மறக்கலாமா? பகடை என்றால் யார்? நெற்கட்டும்செவல் புலித்தேவனின் படைத்தளபதி ஒண்டிவீரன், அருந்ததியர் குலத்து மகன். வெள்ளையன் பீரங்கிக்கு நெஞ்சு காட்டிய மண் அது. அவருக்குப் பாளையங்கோட்டையிலே மணிமண்டபம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 20-ஆம் நாள் அஞ்சல்தலையும் வெளியாயிற்று. கற்பனை மகிழ்மதிக்குக் கோடி கோடியாய்க் கொட்டி, அதிலே இல்லாத ஒரு தளபதியை அடிமையாக்கிக் காட்டுகிறோம். உண்மையிலே இருந்த தளபதியின் பட்டத்தை, அதே படத்திலே, வசைச் சொல்லாய் வீசுகிறோம். எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை, தெரியாமலே வந்திருக்கலாம். தெரியாமலே வந்தது என்பதுதான் வேதனை. ஒரு குலத்தின் பெருமை எவ்வளவு ஆழத்திலே புதைக்கப்பட்டிருந்தால் அது தெரியாமலே மிதிபடும்!

கயத்தாறு நமக்குப் பக்கம். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலே தொங்கிய இடம். 1959-இல் படம் வந்தது. சிவாஜி கணேசன் கர்ஜித்தார். பிறகு அங்கே சிலையும் எழுப்பினார். கட்டபொம்மனின் தளபதி கவர்னகிரி சுந்தரலிங்கம் நினைவிருக்கிறதா? வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தன்னுயிர் தந்து தகர்த்ததாக மக்கள் சொல்லும் வீரன். தேவேந்திர குலத்து மகன். 1997-இல் விருதுநகரைத் தலைமையாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர் எழுதிய வண்டியிலே ஏற மாட்டோம் என்று கிளம்பிற்றே ஒரு கூட்டம்! கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியிலே எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எல்லா வண்டிகளிலிருந்தும் அழிக்க வேண்டியதாயிற்று. கட்டபொம்மன் பெயருந்தான் அழிந்தது! திரையிலே கட்டப்பாவுக்கு விசிலடிப்பவன், தெருவிலே சுந்தரலிங்கத்தின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மறுத்தான். ஏன்? கட்டப்பா காலடியில் கிடக்கிறான். சுந்தரலிங்கம் நெற்றிப் பலகையிலே நின்றார். வேறு காரணம் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இது நம் நாட்டு நோய் மட்டுமா? ஆங்கில நாட்டு ஹாரி பாட்டர் கதையை உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள், பார்த்திருப்பார்கள். மந்திரவாதிகள் பள்ளிக்கூடம், பகட்டான விருந்து, விருந்தைச் சமைப்பது யார்? வீட்டுக் குட்டிச்சாத்தான்கள். கூலி கிடையாது, விடுமுறை கிடையாது, உடுப்புக்கூடக் கிடையாது. எசமான் ஓர் உடுப்பு கொடுத்தால் விடுதலை. ஆகவே எசமான்கள் கொடுப்பதே இல்லை. டாபி என்ற ஒருவன் ஒரு காலுறையால் விடுதலை பெறுகிறான். 2000-ஆம் ஆண்டு வந்த நான்காம் நூலிலே ஹெர்மயனி என்ற மாணவி, இவர்களுக்குக் கூலி வேண்டும், உரிமை வேண்டும் என்று சங்கமே தொடங்குகிறாள். கூடப் படிப்பவர்கள் கேலி செய்கிறார்கள். "அவர்களுக்கு அடிமையாயிருப்பதுதான் பிடிக்கும்" என்கிறார்கள். எங்கேயோ கேட்ட பேச்சாக இல்லையா? 2005-இல் அந்த நூல் படமாயிற்று. பறக்கும் நாகம் வந்தது, பந்தாட்டம் வந்தது, நடன விருந்து வந்தது. சங்கம் மட்டும் வரவில்லை! புத்தகத்திலே இருந்த தொழிற்சங்கத்தைப் படத்திலே காணோம்.

நம் கதையிலும் அதே கூத்து. 2017-இல் ஆனந்த் நீலகண்டன், சிவகாமியின் இளமையைச் சொல்லும் முன்கதை நாவல் எழுதினார். அதிலே கட்டப்பாவுக்குச் சிவப்பா என்று ஒரு தம்பி. அவன் அடிமைத்தனத்தை ஏற்க மறுக்கிறான். விடுதலை தேடி ஓடுகிறான். எழுத்திலே அந்தத் தம்பி உண்டு. திரையிலே கட்டப்பா ஒற்றைப் பிள்ளை!

இப்படிக் கழிப்பதும் சேர்ப்பதும் கோடம்பாக்கத்துக்கும் ஐதராபாத்துக்கும் லண்டனுக்கும் மட்டும் உரிய வித்தை என்று எண்ணிவிடாதீர்கள். நம்மூர்க் கொடை விழாவின் வில்லுப்பாட்டிலே இது நடந்திருக்கிறது. முத்துப்பட்டன் கதையைக் கேட்டிருப்பீர்கள். முத்துப்பட்டன் பார்ப்பன இளைஞன். காட்டிலே பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களைக் கண்டு மனம் பறிகொடுக்கிறான். அவர்களின் தந்தை யார்? வாலப் பகடை. ஆம், பகடை! பெண் கேட்டு வருகிறான். பகடை உடனே மகிழ்ந்து காலில் விழவில்லை. பூணூலை அறுத்தெறி, குடுமியை எடு, எங்களோடு செருப்புத் தைத்துப் பழகு, பிறகு பேசலாம் என்கிறான். பட்டன் அப்படியே செய்கிறான். அறுக்கிறான், எடுக்கிறான், தைக்கிறான், கட்டிக் கொள்கிறான். மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மாள்கிறான். பாபநாசம் மலையிலே சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாய் நிற்கிறான். இன்றும் அவனுக்குக் காணிக்கை செருப்பு.

இந்தக் கதைக்கு ஓர் ஒட்டு விழுந்தது. அந்தப் பெண்கள் உண்மையிலே பகடை பெற்ற பிள்ளைகள் அல்லர். பார்ப்பனக் குலத்திலே பிறந்து, காட்டிலே விடப்பட்டு, பகடை எடுத்து வளர்த்த பிள்ளைகள் என்று ஒரு கிளைக்கதை! முடிந்தது கதை. கலப்பு மணம் காற்றோடு போயிற்று. குலம் குலத்தோடு சேர்ந்தது. பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, அந்த ஒட்டு பிற்காலத்தில் செருகப்பட்டது, மேல்சாதியார் மனம் கோணாதிருக்கச் செருகப்பட்டது என்று எடுத்துக் காட்டினார். பிறப்பை மாற்றினால் போதும், காவியமே பணிந்துவிடும் என்று செருகியவனுக்குத் தெரிந்திருந்தது. அருவிக்குக் கீழே மலைவாழ் மக்களிடம் வளர்ந்த பிள்ளை, உண்மையிலே அரச குலத்துப் பிள்ளை என்று பாகுபலியிலே வருகிறதே, அது எந்த மரத்துக் கிளை என்று இப்போது தெரிகிறதா?

அரசனே இல்லாத பெருங்கதையும் இந்தக் கரிசலிலேதான் பிறந்தது. இடைசெவல் கி. ராஜநாராயணன் 1976-இல் தந்த 'கோபல்ல கிராமம்'. ஓர் அரசனுக்குத் தப்பி ஓடி வந்த தெலுங்கு பேசும் கூட்டம், காட்டை எரித்து, கழனியாக்கி, ஊராக்கி வாழ்ந்த கதை. அதிலே கதாநாயகன் ஊர்தான். அதற்கு இன்றுவரை ஆயிரம் கோடி வசூல் இல்லை. பாகுபலி இரண்டாம் பாகம், உலக வசூலில் ஆயிரம் கோடி தாண்டிய முதல் இந்தியப் படம் என்று பெயர் வாங்கிற்று.

தோழர்களே, கழகத் தோழர்களுக்கென்று ஒரு வார்த்தை. கட்டப்பா என்ற பெயர் இப்போது அரசியல் மேடையிலும் அடிபடுகிறது. முதுகிலே குத்தியவனையும் கட்டப்பா என்கிறார்கள். முணுமுணுக்காமல் உழைப்பவனையும் கட்டப்பா என்கிறார்கள். இரண்டாவதைப் பாராட்டு என்று நினைத்துப் பல்லிளிக்காதீர்கள். சுயமரியாதை என்று சொல்லி வளர்ந்த இயக்கத்திலே, தலைவனை நேசிப்பவன் உண்டு, தலைவனுக்காகச் சிறை சென்றவன் உண்டு. அவன் கொள்கைக்காகப் போனான்; தாத்தா கொடுத்த வாக்குக்காகப் போகவில்லை. தலைவனிடம் "ஏன்?" என்று கேட்கும் உரிமையை அவன் வாசலிலே கழற்றி வைத்துவிட்டும் போகவில்லை. சிவகாமி தேவி கொல்லச் சொன்னபோது கட்டப்பா மறுத்துப் பார்த்தான், கலங்கிப் பார்த்தான், கடைசியிலே கொன்றான். அவன் அழுதான் என்பதற்காக நாம் அவனோடு அழலாம். அவன் வழியிலே நடக்க முடியாது.

2025 அக்டோபர் 31-ஆம் நாள் இரண்டு பாகங்களையும் ஒன்றாக வெட்டி ஒட்டி, ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரப் படமாக மீண்டும் வெளியிட்டார்கள். நேரத்தைச் சுருக்க அவந்திகாவின் காதலுக்குக் கத்திரி விழுந்தது, பாட்டுகளுக்குக் கத்திரி விழுந்தது. பத்தாண்டு கழித்தும் கட்டப்பாவின் அடிமைச் சாசனத்துக்கு விழவில்லை.

வரும் கொடைக்கு உங்கள் ஊருக்கு வில்லடிக்க வருகிறவர் முத்துப்பட்டன் கதை பாடினால், நள்ளிரவானாலும் தூங்கிவிடாதீர்கள். பொம்மக்கா, திம்மக்கா பிறப்பைச் சொல்லும் இடம் வரும்போது எழுந்து நின்று, மரியாதையாய், "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைகள் யார் பெற்ற பிள்ளைகள்?" என்று கேளுங்கள். அவர் என்ன பாடினார் என்று நமக்கும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.